சீவிய டயரும் ஒரு கீறலும்

சென்ற மாதம் குமரன் தன் காடிக்கு, அதாவது காருக்கு, நான்கு டயரும் மாற்றிக்கொண்டு வந்தான். கடைக்காரர் என்னென்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

"சைஸ் கேட்டாருப்பா. அப்புறம் கார்டா கேஷான்னு கேட்டாரு. முடிஞ்சிருச்சு."

நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து கவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற என்னப்பா கேக்கணும்? டயருக்கு ஜாதகமா பாப்பாங்க?"

பார்த்தோம், பிள்ளைகளே. உங்கள் அப்பா வேலை செய்த கடையில் அதைத்தான் பார்த்தோம். நீங்கள் இருவரும் சாப்பிட்டது, படித்தது, கவிதா வயலின் கற்றுக்கொள்ளப் போய்ப் பாதியில் விட்டது எல்லாமே அந்தக் கடையில் நான் அடித்த காற்றில் வந்ததுதான். அதனால் அந்த வேலையில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு, சைஸ் மட்டும் கேட்டால் போதுமா என்று குமரனே சொல்லட்டும்.

நான் வேலை பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. பைராம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பிறகு பினாங்குத் தீவுக்குக் கப்பல் ஏறி ஜார்ஜ்டவுன் வந்து, டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், டயர் கடையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் லாரி டயரோடு மல்லுக்கட்டினேன். லாரி டயர் என்ன சொல்லிக்கொடுக்கும் என்றால், முதுகு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கும். அதற்குப் பிறகு சின்ன காடிகளின் பக்கம் என்னை விட்டார்கள். அங்கே தலைமை ஆள் காசிம் நானா.

கடை தவுக்கேயுடையதுதான். ஆனால் கடைக்குள் நுழைந்த டயர் காசிம் நானாவுடையது. மெலிந்த ஆள், வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு வால்வு மூடி. அவர் டயர் மாட்டும் முறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவுவார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போன கை, அதற்கு முள் குத்தினாலும் தெரியாது, புறங்கைதான் உண்மை சொல்லும் என்பார். பிறகு ரிம்மின் விளிம்பைத் துணியால் துடைத்துச் சவர்க்காரத் தண்ணீர் தடவுவார். காற்று ஏறும்போது டயர் ரிம்மில் போய் உட்காரும் சத்தம் இரண்டு முறை கேட்க வேண்டும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு சத்தம்தான் கேட்டது என்றால், மற்றவர்கள் ஓங்கி ஓர் அடி அடிப்பார்கள். நானா காற்றையெல்லாம் இறக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால், "அவசரம்னா பஸ் இருக்கு லா" என்பார்.

அதற்கெல்லாம் முன்னால் கேள்விகள். எங்கே குடியிருக்கிறீர்கள், வேலைக்கு எந்த ரோடு, பின் சீட்டில் யார் உட்காருவார், மாமியார் கனமான ஆளா. கேட்டு முடிக்கும்போது வந்தவர் பெண் பார்க்க வந்ததைப்போல வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

பினாங்குப் பாலம் வந்த புதிதில் ஒரு நாள் அந்தப் பச்சைக் காடி வந்தது. இரண்டே பேர் உட்காரும் காடி. கூரை என்று சொல்ல ஒரு கான்வாஸ் துணி, கதவில் கண்ணாடி கிடையாது. எங்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் அதில் ஏதும் பெரிதாக இல்லை. டயர் மாற்ற நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர், "இதுக்குச் சாவி குடுத்து முறுக்கிவிடணுமா?" என்று கேட்டார்.

ஓட்டி வந்தவர் டாக்டர் புவனேஸ்வரி, பல் டாக்டர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அந்தக் காடியை வாங்கியிருந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய அப்பா மிஸ்டர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டிக்கொண்டிருக்க, ஏதோ தண்டனை அனுபவிப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இறங்க என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நானா கேள்வியை ஆரம்பித்தார். டாக்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். பாலிக் பூலாவ் பக்கம் மலை ரோட்டில் காடி கிளப் ஒன்று போட்டி வைக்கிறது. ஒருவர் பின் ஒருவராக மேலே ஏற வேண்டும், யார் சீக்கிரம் ஏறுகிறார் என்று நேரம் பார்ப்பார்கள். ஆளுக்கு இரண்டு தடவை.

"ஆனா ஒரு சட்டம் இருக்கு அண்ணே. வீட்டிலிருந்து எந்த டயரில வாறமோ அதிலதான் ஏறணும், அதிலதான் வீட்டுக்கும் போகணும். போலீஸ் நிப்பாட்டினா பூ இருக்கணும்."

டயரின் மேல் வெட்டியிருக்கும் கோடுகளைத்தான் இங்கே பூ என்போம், மலாய்க்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பூ இல்லாத மொட்டை டயர் உலர்ந்த ரோட்டில் நன்றாக ஒட்டும், மழையில் கொன்றுவிடும். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் மழைக்கு யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

"ஜெயிக்கணுமா?" என்று நானா கேட்டார்.

"ஜெயிக்கிறது ரெண்டாவது. காடி முழுசா வீட்டுக்கு வரணும்" என்று சொல்லி டாக்டர் அப்பாவைப் பார்த்தார்.

மிஸ்டர் கனகசபை தொண்டையைக் கனைத்தார். "நான் சொல்லிப்போட்டன் தம்பி. வீட்டிலை மனிசிக்கு முன்னாலை வைச்சுச் சொன்னனான். போட்டிக்குப் போகட்டும், நான் மறிக்கேல்லை. ஆனால் காடியிலை ஒரு கீறல், ஒரே ஒரு கீறல் விழுந்தாலும், அடுத்த நாள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஈப்போக்காரருக்கு வித்துப்போடுவன். அவர் விலையும் பேசிப்போட்டார். பதிவு என்ரை பேரிலை."

"எங்க அம்மா இருக்கிறாவே," என்றார் டாக்டர், "அப்பா சொன்ன வார்த்தையை அப்பா மறந்தாலும் அவ மறக்கமாட்டா."

டாக்டருக்கு அந்தக் காடி எவ்வளவு முக்கியம் என்பது அவர் கதவைச் சாத்திய விதத்திலேயே தெரிந்தது. தொட்டில் பிள்ளை தூங்கும் அறையைச் சாத்துவது மாதிரி சாத்தினார்.

ஆக, ஒரு டயர் மூன்று வேலை செய்ய வேண்டும்: ரோட்டில் சட்டத்துக்குப் பயப்பட வேண்டும், மலையில் ஒட்ட வேண்டும், மழையில் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டும். காடிதான் இலேசு, கேள்வி இலேசாக இல்லை.

இலேசு என்றால் எவ்வளவு இலேசு? நானாவுக்கு அது தெரிந்தாக வேண்டும். அடுத்த ஞாயிறு டாக்டரும் நானும் பாலம் தாண்டி எங்கள் தோட்டத்துப் பக்கம் போனோம், எண்ணெய்ப்பனைக் குலை லாரிகளை நிறுக்கும் தராசுக்கு. அங்கே அந்தோணி அண்ணன் எனக்குப் பழக்கம். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றினோம், பிறகு பின் சக்கரங்களை, பிறகு முழுக் காடியையும்.

அந்தோணி அண்ணன் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "ஏன்டா முனியாண்டி, தராசுக்கே வெக்கமா இருக்குடா. முள்ளு அசைய மாட்டேங்குது. நாலு குலைய ஏத்திக்கிட்டு வாங்கடா!"

கடைக்குத் திரும்பியதும் தரையில் மூன்று டயர்களை வரிசையாக வைத்தோம். முதலாவது, பருத்து அகன்ற டயர். கடையில் காத்திருந்த மிஸ்டர் கனகசபைக்குப் பார்த்த மாத்திரத்தில் அதுதான் பிடித்தது. "இதெல்லோ டயர். பார்க்கவே ஒரு மரியாதை இருக்கு." இரண்டாவது, போட்டிக்கென்றே செய்தது, பூ இருக்கிறதா என்று தேட வேண்டும், ரப்பர் கெட்டி. நானாவின் மனம் அதில் இருந்தது. சூட்டில் உருகாது என்றார். மூன்றாவதும் போட்டி டயர்தான், ஆனால் ஒடுங்கலானது, மென்மையான ரப்பர், பூவும் கொஞ்சம் அதிகம். பார்வைக்குப் பள்ளிக்கூடப் பையன் காலில் போடும் சப்பாத்து மாதிரி இருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"ஏன்லா?" என்றார் நானா.

"நானா, காடிக்கு எடை இல்ல. எடை இல்லாத காடி டயர அமுக்காது. அமுக்காத டயர் சூடாகாது. சூடாகாத டயர் ஒட்டாது. கெட்டி ரப்பர் பெரிய காடிக்குச் சரி. இந்தக் காடி அத சூடாக்குறதுக்குள்ள மலை முடிஞ்சிரும். அகல டயரும் அப்படித்தான். மழையில இந்த எடைக்கு அது தண்ணி மேல படகு மாதிரி மெதக்கும்."

டாக்டர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். மூன்றாவதில் நகத்தின் தடம் கொஞ்ச நேரம் நின்று மெல்ல மறைந்தது. "நல்ல ஈறு மாதிரி இருக்கு அண்ணே" என்றார். "எடைக் கணக்கைப் பார்த்தா பின் சக்கரத்திலதான் பாரம் கொஞ்சம் கூடுதல். அப்ப முன்னுக்குக் காத்து இன்னும் குறைவா வைக்கணும், என்ன?" எனக்குத் தோன்றாத விஷயம் அது. நானாவும் தலையாட்டினார்.

"சரி. உன் டயர நீயே மாட்டு முனியாண்டி. வழுக்குனா நான் ஊர்ல இல்ல."

ஆனால் அதை அப்படியே மாட்டவில்லை. புது டயரில் பூ உயரமாக இருக்கும். வளைவில் வேகமாகத் திருப்பும்போது அந்த உயரம் ஆடும், ஆடினால் பிடிப்புப் போய்விடும். அதனால் மேல் ரப்பரைக் கொஞ்சம் சீவிவிட வேண்டும். எங்கள் கடையின் பின்கட்டில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பகுதி இருந்தது, அங்கே சீவும் இயந்திரமும் இருந்தது. அதிகம் சீவினால் மழையில் ஆபத்து, சட்டமும் விடாது. சீவாவிட்டால் மலையில் தள்ளாடும். நானா தாமே இயந்திரத்தின் முன் நின்றார். ஒரு சுற்று விடுவார், நிறுத்துவார், பூவுக்குள் ஒரு காசை நிற்க வைத்து ஆழம் பார்ப்பார், மறுபடி ஒரு சுற்று. கறுப்புத் துருவல் தேங்காய்ப்பூ மாதிரி அவர் காலடியில் குவிந்தது.

மிஸ்டர் கனகசபை பின்கட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன செய்யுறியள்? என்ன செய்யுறியள் எண்டு கேக்கிறன்! புது டயரை ஏன் சீவுறியள்?"

"நல்லதுக்குத்தான் ஐயா" என்றேன்.

"என்ன நல்லது? புதுச் சட்டை வாங்கின உடனை அதின்ரை கையை வெட்டி எறிவினமோ? பிள்ளை, இஞ்சை வா, இவை என்ன செய்யினம் எண்டு பார்!"

"அப்பா, சும்மா இருங்கோ. நான்தான் சொன்னனான்."

நானா இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "ஐயா, முடி வெட்டிக்கிட்டா தலை தேஞ்சிருச்சுன்னா சொல்வாங்க?"

சீவி முடிந்த டயர் பார்க்க நன்றாக இருக்காது. பளபளப்பெல்லாம் போய், சாம்பல் பூத்து, எங்கோ ஓடித் தேய்ந்த பழைய டயர் மாதிரி நிற்கும். மிஸ்டர் கனகசபை போகும்போது அந்த நான்கு டயரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கந்தையை உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகச் சொன்னால் ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பார், அப்படி.

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை. தவுக்கே கடை வேனைக் கொடுத்தார். நானும் நானாவும் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போனபோது பச்சைக் காடி ஏற்கெனவே அங்கே நின்றது. மிஸ்டர் கனகசபை மடியில் ஒரு பூசைத் தட்டோடு வந்திருந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்த திருநீறு, எலுமிச்சம்பழம், சின்னக் குத்துவிளக்கு, வெற்றிலை. காடிக்குப் பூசை போடாமல் மகளை மலையேற விடமாட்டார். அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான், நானாவும் தம் பங்குக்கு ஏதோ ஓதி ஊதிவிட்டார்.

நான் டயரில் காற்றைப் பார்த்துச் சரிசெய்தேன். டாக்டரைக் கிளப்காரர்கள் சட்டதிட்டம் சொல்லக் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தேத்தண்ணீர் நினைவு வந்தது. ரோட்டோரம் ஒரு மலாய்க்கார அம்மா கடை போட்டிருந்தார். போய்க் குடித்துவிட்டு அப்படியே மேலே நடந்து, முதல் வளைவில் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டோம். காடியின் பக்கத்தில் மிஸ்டர் கனகசபை மட்டும் இருந்தார்.

பச்சைக் காடியின் முறை வந்தது. கீழே நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கும் அழகைக் கொடி பிடித்த சீனர் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொடி இறங்கியது. சின்னக் காடி சீறிக்கொண்டு வந்தது. வளைவில் டாக்டர் திருப்பினார். முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை, அது தன் பாட்டுக்கு நேரே போனது. காடி பக்கவாட்டில் வழுக்கி, புல்லில் ஏறி, வடிகால் சுவருக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

நானா ஊரில்தான் இருந்தார், என் பக்கத்திலேயே. சட்டைப் பையிலிருந்த வால்வு மூடியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓடிப்போனோம். காடியில் கீறல் இல்லை. டாக்டர் ஸ்டியரிங்கை இன்னும் விடாமல் பிடித்திருந்தார். "டயர் பிடிக்கவே இல்லை அண்ணே. ஐஸ் மேல போன மாதிரி. நான்தான் கூடுதல் வேகமா வந்திட்டனோ?"

"இல்ல டாக்டர். வேகம் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அப்படியென்றால் தப்பு டயரில். டயரில் என்றால் என்னில். மெதுவாக உருட்டிக் கீழே கொண்டுவந்தோம். இன்னொரு தடவை ஏறத்தான் வேண்டுமா, அப்படியே வீட்டுக்குப் போனால் காடியாவது மிஞ்சுமே என்று டாக்டர் யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நான் குந்தி உட்கார்ந்து பின் டயரில் கையை வைத்தேன். சீவிய ரப்பர் சொரசொரவென்று இருக்க வேண்டும். இது வழவழவென்று இருந்தது. காலையில் சாம்பல் நிறத்தில் பார்த்த டயர் இப்போது கறுத்து மினுங்கியது. கையை மூக்கருகே கொண்டுபோனேன். நம்ப முடியாமல் மறுபடி முகர்ந்தேன். கையை நானாவிடம் நீட்டினேன். அவரும் முகர்ந்தார். பிறகு தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாருலா இங்க தோசை சுட்டது?"

நல்லெண்ணெய்.

மிஸ்டர் கனகசபை மலை உச்சியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றார் டாக்டர்.

"என்ன?"

"விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெய் எங்கே?"

"விளக்குக்குக் கொஞ்சம் விட்டனான்."

"மிச்சம்?"

அவர் நிமிர்ந்து நின்றார். "சாமிக்கு முன்னாலை அந்தக் கோலத்திலை எப்பிடிப் பிள்ளை விடுறது? எல்லாரும் புத்தம்புது டயரோடை வந்து நிக்கினம். எங்கடை மட்டும் சொறி பிடிச்ச மாதிரி. ஒரு துணியிலை தொட்டு, கொஞ்சமா, நாலுக்கும் பூசினனான். பளிச்செண்டு வந்திட்டுது. வடிவா இல்லையோ?"

டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினார், அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டயர் தப்பில்லை! ஆனால் இரண்டாம் முறைக்கு அதிக நேரம் இல்லை. நானா சட்டைக் கையைச் சுருட்டினார். வேனிலிருந்து வாளியும் சவர்க்காரத் தூளும் வந்தன. மண்ணெண்ணெய் போடலாமா என்று கேட்ட பக்கத்துக் காடிக்காரரை நானா ஒரு பார்வை பார்த்தார். அது ரப்பரைத் தின்றுவிடும். தூளைக் கரைத்துத் தேய்த்து, கழுவி, துணியால் ஒற்றி, காயவிட்டோம். மென்மையான ரப்பர் எண்ணெயைக் குடித்திருந்தது, மேலே கழுவினால் மட்டும் போதாது. பஞ்சர் ஒட்டுவதற்கு முன் ரப்பரைச் சுரண்டும் அரம் இருக்கிறதல்லவா, அதை எடுத்து மேல் தோலைச் சுரண்டி உள்ளே இருக்கும் உலர்ந்த ரப்பரை வெளியே கொண்டுவர வேண்டும். நானா ஒரு டயர், நான் ஒரு டயர்.

மிஸ்டர் கனகசபை வந்து என் அருகில் நின்றார். இஸ்திரி போட்ட கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார்.

"அதை இஞ்சை தாரும் தம்பி."

"வேணாம் ஐயா, நாங்க பாத்துக்கிறோம்."

"பூசினது நான். சுரண்டுறதும் நான்தான். தாரும்."

கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது, அப்படிக் கேட்டார். இடது பின் சக்கரத்தின் முன் புல்லில் குந்தினார். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட கை, ஆனால் மனம் வைத்துச் சுரண்டினார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. நடுநடுவே தாமாக முகர்ந்து பார்த்து, "இன்னும் மணக்குது" என்று முனகிக்கொண்டு மறுபடி தொடங்கினார். கொடிக்காரர் பச்சைக் காடியை வரச்சொல்லிக் கை காட்டினார். "ஐயா, போதும், கூப்பிடுறாங்க" என்றேன். "இந்தா, ஒரு இழுவை" என்று அழுத்தி ஓர் இழுவை இழுத்தார். அரம் ரப்பரில் சறுக்கியது.

கிறீச்சென்ற சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினோம்.

கதவுக்குச் சற்றுப் பின்னால், சக்கரத்துக்கு மேல் வளைந்து வரும் அந்தப் பச்சைத் தகட்டில், ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு. கோடு கூட நேராகத்தான் இருந்தது, தலைமைக் கிராணி அடித்த கோடு.

டாக்டர் கோட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். நான் பூமியைப் பார்த்தேன். நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, ஈப்போக்காரரு நம்பரு எங்கிட்ட இல்லயே லா. இருந்தா இப்பவே போன் போட்டிருப்பேன்."

மிஸ்டர் கனகசபை எழுந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கீறலை அழுத்தித் தேய்த்தார். அது போகவில்லை. இன்னும் ஒருதரம் தேய்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து மிகவும் அமைதியாகச் சொன்னார்:

"இது முந்தியே இருந்தது."

"எந்த முந்தி அப்பா?"

"வாங்கேக்கையே இருந்தது. வெள்ளைக்காரன் கீறினது. நீ கவனிக்கேல்லை. ஏறு பிள்ளை, கொடிக்காரன் பார்த்துக்கொண்டு நிக்கிறான்."

டாக்டர் ஏறினார். நாங்கள் மூவரும் மூச்சு வாங்க மேலே நடந்து முதல் வளைவில் நின்றோம். மிஸ்டர் கனகசபை என் கையைப் பிடித்திருந்தார், காடியிலிருந்து இறங்கியபோது பிடித்ததைவிட இறுக்கமாக. காடி வந்தது. டாக்டர் திருப்பினார். நான்கு டயரும் தார் ரோட்டை அப்பிக்கொண்டு உறுமின. வழுக்கும் டயர் கிறீச்சிடும், பிடிக்கும் டயர் அடித்தொண்டையில் உறுமும், இவை உறுமின. கயிறு கட்டி இழுத்தது மாதிரி வளைவைத் தாண்டி மேலே போய் மறைந்தது. அந்த உறுமல் காட்டுக்குள் கொஞ்ச நேரம் கேட்டது.

"பிடிச்சிட்டுது" என்றார் மிஸ்டர் கனகசபை, தாமே ஓட்டியவர் மாதிரி.

கோப்பை ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னக் காடிகளின் பிரிவில் நடுவில் எங்கேயோ வந்தார். டாக்டர் சிரித்த சிரிப்பைப் பார்த்தவர்கள் அவர்தான் முதல் பரிசு என்று நினைத்திருப்பார்கள். நானா என் தோளில் தட்டி, "பரவால்ல லா, பள்ளிக்கூடச் சப்பாத்து" என்றார். என் வேலைக் காலம் முழுக்க அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான், பிள்ளைகளே, அதனால் அப்படியே எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. டயரின் மூன்றாவது வேலை. பச்சைக் காடி கான்வாஸ் கூரையைப் போட்டுக்கொண்டு முன்னால் போக, நாங்கள் வேனில் பின்னால் போனோம். நானா அதன் பின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பூ தண்ணீரை இரண்டு பக்கமும் வெட்டித் தள்ளியது, மிச்சம் வைத்த அளவு சரி. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கண்ணாடி இல்லாத இடது கதவு வழியாக ஒரு கை வெளியே வந்து, பின்பக்கமாக மடங்கி, கீறல் விழுந்த அந்தத் தகட்டின் மேல் விரிந்து கிடந்தது. வெள்ளைச் சட்டைக் கை, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது.

சிவப்பு விளக்கில் வேன் பக்கத்தில் நின்றபோது நானா தலையை நீட்டினார். "ஐயா! கை நனையுதே! உள்ள எடுங்க லா!"

"பரவாயில்லை. எனக்குக் காத்து வேணும்!" என்று மழைக்குள்ளிருந்து பதில் வந்தது.

டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டு வாசலில் டாக்டரின் அம்மா குடையோடு நின்றார். எங்கள் கடைக்கும் அதே வழி என்பதால் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு நாங்களும் பார்த்தோம். டாக்டர் இறங்கி உள்ளே ஓடினார். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, காடியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தபடி, இடது பக்கம் வந்தார்.

"ஏன் இன்னும் இறங்கேல்லை? நனைஞ்சு போனியள், வாங்கோ உள்ளுக்கு."

மிஸ்டர் கனகசபை கையை எடுக்கவில்லை. முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தன.

"நீர் போய்த் தேத்தண்ணி போடும்" என்றார். "நான் கொஞ்ச நேரம் இதுக்குள்ளை இருக்கப் போறன். நல்ல சீட்."